உடப்புசல்லாவைக்குக் கட்டிய அரிசி மூட்டை

ஹட்டனில் ஒரு கூட்டத்தில் கோட்டுப் போட்ட வாத்தியார் ஒருவர் எழுந்து என்னைக் கேட்டார். "அம்மா, நீங்க அஞ்சாம் வகுப்புத்தான் படிச்சதாச் சொல்றாங்க. கதைக்கெல்லாம் கரு எங்க இருந்து எடுக்கிறீங்க?" குரலில் மரியாதை இருந்தது. ஆனால் அந்த 'அஞ்சாம் வகுப்புத்தான்' இருக்கிறதே, அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. "மலையில எடுக்கிறேங்க, கொழுந்தோட சேத்து" என்றேன். சபை சிரித்துக் கை தட்டியது. நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம். விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறினால், கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். இரண்டு தேயிலை வரிசைக்கு நடுவே ஒரு பெண். நிரை முடிகிறவரை அவள் வேறெங்கும் போக முடியாது. கை தன்பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளி முதுகுக் கூடைக்குள் எறியும். வாய் சும்மா கிடக்குமா? பேச்சு நிரைக்கு நிரை தாவும். தொல்லை என்னவென்றால், எல்லோருக்கும் ஒரே வேகம் இல்லை. ஒருத்தி தன் புருஷன் குடித்துவிட்டு வந்து கதவை உதைத்ததைச் சொல்லிக்கொண்டே வருவாள். கதவைத் திறந்தாளா இல்லையா என்கிற இடத்தில் பத்துச் செடி முன்னால் போய்விடுவாள். மீதி எனக்குக் கேட்காது. கொழுந்து நிறுவைக்குப் போகிறவரை அந்தக் கதவை நானே திறந்து பார்ப்பேன், மூடிப் பார்ப்பேன், உள்ளே அவள் விளக்குமாற்றோடு நிற்பதாகவும் வைத்துப் பார்ப்பேன். பிறகு கேட்டால், நடந்ததைவிட நான் நினைத்ததுதான் பல தடவை நன்றாக இருக்கும். அப்படித்தான் எனக்குக் கதை கட்ட வந்தது.

மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் நிற்கிற செடிகூடத் தெரியாது. ஆள் தெரியாமல் குரல் மட்டும் வரும். பேசுகிறவள் யார், கோபத்தில் பேசுகிறாளா, அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறாளா, எல்லாவற்றையும் குரலை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். என் கதைகளில் 'என்று அவள் சோகமாகச் சொன்னாள்' என்று எங்கேயும் பார்க்க மாட்டீர்கள். பேச்சிலேயே அது தெரியாவிட்டால் அந்தப் பேச்சையே வெட்டி எறிந்துவிடுவேன். இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை.

மலையில் எழுத முடியாது. பகல் முழுக்கத் தலைக்குள்ளேயே சுமக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, தண்ணீர் எடுத்து, ரொட்டி சுட்டுப் போட்ட பிறகும் எது மறக்காமல் மிச்சம் இருக்கிறதோ அதை எழுதுவேன். என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டி அடிக்கிற வேலை. பெட்டிக்குள்ளே விரிக்கிற தாளில் கிழிந்துபோனதை எனக்கென்று கொண்டு வருவார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் என் பென்சிலைச் சீவி வைப்பது அவர்தான். கூர் மழுங்கியிருந்தால் என்னைவிட அவருக்குத்தான் பொறுக்காது.

இனி என் முதல் கதைக்கு வருகிறேன். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது.

எங்கள் லயத்தில், அந்த வரிசை வீட்டில், பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. கடைசிக் காம்பராவில் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஓர் அக்கா இருந்தாள். அதிகம் பேசாதவள். ஒரு கொழுந்துக் காலம் முழுக்க அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த நிரையே விழுந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வேகம். அதனால் அவள் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குத் தவறவில்லை. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை, மறுநாள் இன்னும் ஐந்து வார்த்தை என்று அவள் சொன்னது இதுதான்.

நாலு வருஷத்துக்கு முன் அவளும் புருஷனும் ஒரு கைக்குழந்தையோடு வேறு தோட்டத்திலிருந்து எங்கள் லயத்துக்கு வந்தார்கள். வந்த பத்தாம் நாள் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் கேதம் என்றால் லயமே திரண்டு போகும். கேத வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று ஆளுக்கொரு சுண்டு, அதாவது ஒரு சின்ன டின் அளவு, அரிசி சேர்த்துக் கொண்டுபோவோம். வாசலில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அழுதுவிட்டுத்தான் எழுந்து வருவோம். தீராத சண்டைக்காரி வீடானாலும் கேதத்துக்குப் போகாதவளை நாங்கள் மனுஷியாகவே மதிப்பதில்லை. அப்பேர்ப்பட்ட நாங்கள் அன்றைக்கு ஒருத்தர்கூடப் போகவில்லை. தொத்துக் காய்ச்சல் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கொழுந்து பொங்கிக் கிடந்த மாதம் வேறு. புருஷனும் பெண்சாதியும் இரண்டே பேராகப் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். மறுநாள் காலை அவள் பெரட்டுக்களத்தில் நின்றாள். பால் கட்டிய மாரோடு அன்றைக்கு முழுக்கக் கொழுந்து எடுத்தாள்.

நாங்கள் என்றால் நானும்தான். எனக்கு அப்போது மடியில் ஆறு மாதப் பிள்ளை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். அவர்கள் என் வாசலைத் தாண்டிப் போன காலடிச் சத்தத்தைக் கேட்டும் இருந்தேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள், "யாரு மேலயும் கோவம் இல்ல தங்கச்சி. அவங்கவங்களுக்கும் புள்ளைக இருந்துச்சுல்ல" என்றாள். அவள் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். ஏசவில்லை. அதனால் எழுதினேன்.

அவளைக் கேட்டுவிட்டு எழுதவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்று பிள்ளைக்கு மூன்று மாதம் என்று மாற்றினேன். தோட்டத்தை உடப்புசல்லாவைப் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். ஏன் உடப்புசல்லாவை? நான் அந்தப் பக்கம் போனதே இல்லை, எங்கள் ஆட்களும் போனதில்லை, போய்ப் பார்த்து யாரும் பொய்யென்று சொல்லப் போவதில்லை. அவ்வளவுதான் என் சாமர்த்தியம். ஆனால் ஒரு லயமே கதவைச் சாத்திக்கொண்டதை மட்டும் மாற்றவில்லை. கொழும்பில் இருந்து வருகிற ஒரு வாரப் பத்திரிகைக்குப் புனைபெயரில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அச்சாகி வந்துவிட்டது! அடேயப்பா, எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்காரர் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பீலியடியில், மலைத் தண்ணீர் தகரக் குழாயில் கொட்டுகிற அந்த இடத்தில், துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் பத்திரிகை வாசிப்பேன். எங்கள் கூட்டத்தில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். பிரஜாவுரிமை மனுக்களுக்கு விசாரணை எங்கே நடக்கிறது, அரிசி விலை என்ன, இந்தியாவில் எங்கே வெள்ளம், எல்லாம் என் வாய்வழியாகத்தான் அவர்களுக்குப் போகும். அந்த ஞாயிறு, வெள்ளச் செய்தியை முடித்த கையோடு, ஒரு முன்னுரையும் சொல்லாமல், அதே குரலில் என் கதையை வாசித்தேன். எப்படி இருக்கிறது என்று காதால் கேட்க வேண்டும் என்கிற ஆசை. எழுதினது நான்தான் என்று சொல்லவில்லை. கதை என்றும் சொல்லவில்லை. கடைசிக் காம்பரா அக்கா அன்றைக்கு வரவில்லை என்று நினைத்தேன். துணி காய்கிற கொடிக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறாள்.

முடித்தேன்.  பிறகு மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. என் நெஞ்சு விம்மிப்போயிற்று. அப்போதுதான் மதினி வாயைத் திறந்தாள். முறைக்கு அவள் எனக்கு மதினி. கங்காணியே அவளிடம் பேசுமுன் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"ஒரு நாதி போகலையா? என்னாடி தோட்டம் அது! மனுசப் பொறப்புங்களா அதுங்க?"

"நாசமாப் போக" என்றாள் இன்னொருத்தி. "கல்லு மனசுக்காரிக."

"நம்ம லயத்துல இப்படி நடக்குமா?" என்றாள் மூன்றாவது ஒருத்தி.

நடந்தது, நீயும்தான் சாத்தினாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். மதினி எழுந்து சேலையை உதறிச் செருகினாள். "அழுது முடிச்சுட்டா ஆச்சா? அடுத்த ஞாயித்துக்கெழம போறோம். ஆளுக்கு ஒரு சுண்டு அரிசி எடுத்து வைங்க. கேதம் கேக்கப் போவோம்."

 "மதினி, உடப்புசல்லாவை எங்க கெடக்கு! நுவரெலியாவுக்கு ஒரு பஸ்ஸு, அங்கேருந்து இன்னொரு பஸ்ஸு."

"கேதத்துக்குத் தூரம் பாப்பாங்களாடி?"

"தோட்டத்துப் பேருகூடப் போடலையே மதினி."

"எறங்கி விசாரிச்சா தெரியாதா? புள்ளயப் பறிகொடுத்தவ வீட்டக் காட்ட ஆளா இல்லாமப் போயிரும்?"

பத்திரிகையில் வந்தால் அது நடந்தது என்பதுதான் எங்கள் ஜனங்களுக்கு அப்போது தெரிந்த நியாயம். கூத்துக் கதை கூத்து மேடையில் வரும். அச்சில் வருவது செய்தி. அதைச் செய்தியின் குரலில் வாசித்தவள் நான்.

அந்த வாரம் என் வாழ்க்கையில் மறக்க முடியாதது. தோட்டத்தில் கொடுக்கிற வாரப்படி அரிசி எந்த வீட்டுக்கும் வாரம் முழுக்க வராது என்பது எங்களுக்குத் தெரியும். அதிலிருந்து ஒரு சுண்டு எடுப்பது ஒரு வேளை வயிற்றைக் கட்டுவது. எடுத்தார்கள். ஒருத்தி மகளுடைய பழைய சட்டையை மடித்து வைத்தாள், அந்த அம்மாவுக்கு மறுபடி பிறந்தால் ஆகுமென்று. என் தலைக்குள்ளிருந்து வந்த ஒருத்திக்காக என் லயம் பட்டினி கிடக்கிறது! பெரிய பெரிய எழுத்தாளர்களையெல்லாம் பிறகு பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வாசகர் கூட்டம் யாருக்கு வாய்த்தது, சொல்லுங்கள். பெருமையில் எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெருமைக்குள்ளேயே பயமும் கிடந்து பிறாண்டியது. சும்மா இருந்தால் இவர்கள் முன்பின் தெரியாத ஊரில் இறங்கி, இல்லாத வீட்டைத் தேடி அலைந்து, நாலு பேர் சிரிக்கத் திரும்புவார்கள். உண்மையைச் சொன்னால் நான் பொய்க்காரி. பொய்க்காரியின் நிரைக்குப் பக்கத்தில் எவள் வாயைத் திறப்பாள்? எனக்கு அந்தப் பேச்சு நின்றுபோனால் எழுத்தும் அத்தோடு சரி. வேறு எங்கிருந்து எடுப்பேன்?

புதன்கிழமை, மதினி வீட்டில் அரிசி சேர்க்கிற சாக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தபோது கடைசிக் காம்பரா அக்கா வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த அரிசியை அவிழ்த்துக் கொட்டினாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றேன். வெளியே ஓடிப்போய் அவளைப் பிடித்தேன்.

"அக்கா, நீங்க எதுக்கு..."

"அவளுக்காச்சும் யாராச்சும் போகட்டும் தங்கச்சி" என்றாள்.  நடந்து போய்விட்டாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும். தன் கேதத்துக்குத் தானே அரிசி போட்டுவிட்டுப் போகிறாள். அன்றிலிருந்து ஞாயிறுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நிற்கிற வளைவில் பதினோரு பெண்கள் நின்றோம். எல்லோர் உடம்பிலும் பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலை. அரிசி மூட்டை மதினியின் தலையில். அக்காவும் ஓர் ஓரமாக வந்து நின்றாள். கீழ்ப்பாதையில் பஸ் ஏறி வருகிற இரைச்சல் கேட்டது. இதற்குமேல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது.

"மதினி, போக வேணாம். அப்படி ஒருத்தி அங்க இல்ல. அத எழுதுனது நான்தான்."

"எத?"

"பத்திரிகையில வந்தத. பேர மாத்திப் போட்டு நான்தான் எழுதுனேன். அது கதை."

மதினி மூட்டையை மெதுவாக இறக்கிக் கீழே வைத்தாள். "கதைன்னா? பொய்யா?"

"பொய் இல்ல மதினி."

"அப்ப நெசமா?"

 அதற்கு இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு உடனே பதில் வராது. பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. கொண்டக்டர் சிங்களத்தில் ஏதோ முனகிவிட்டு மணியடித்தார். பஸ் போய்விட்டது.

"எங்க புள்ளைக வாயக் கட்டி அரிசி சேத்திருக்கோம்டி" என்றாள் ஒருத்தி. அவள் குரல் உடைந்திருந்தது. "எங்கள வெச்சு வெளையாடுனியா?"

மதினி கையைக் காட்டி அவளை அடக்கினாள். என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "இந்தா பாரு. பால் கட்டிக்கிட்டு நெரையில நின்னான்னு எழுதிருக்க. சும்மா ஒக்காந்து யோசிச்சா அது வராது. யாரோ பட்டிருக்கா. யாருக்கிட்ட இருந்து எடுத்த?"

எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். இவளைப் போல நேருக்கு நேர் கேட்டவர் யாருமில்லை. வாசகி என்றால் அவள்தான். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"சொல்ல மாட்டேன்."

"சொல்லலேன்னா நாளையிலேருந்து ஒன் நெரைக்குப் பக்கத்துல எவளும் பேச மாட்டா. ஊமையாத்தான் கொழுந்தெடுக்கணும்."

"எடுத்துட்டுப் போறேன். நீங்க என்னைய மலையிலேருந்தே தள்ளி வெச்சாலும் சொல்ல மாட்டேன்."

எப்படிச் சொன்னேனோ தெரியாது. தலை குனியவில்லை. எனக்கு இருந்த ஒரே சொத்தை நானே தூக்கி எறிகிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். இன்றுவரை நான் எழுதிய எதையும்விட அந்த 'மாட்டேன்' எனக்குப் பெருமை.

"எங்கிட்ட இருந்துதான்" என்று ஒரு குரல் வந்தது.

கடைசிக் காம்பரா அக்கா. எல்லோரும் திரும்பினார்கள். அவள் முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"உடப்புசல்லாவைக்கு எதுக்கு? எங்க காம்பராவுக்கு வாங்க" என்றாள்.

 ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை. ஒவ்வொருத்தியும் தன் தன் கதவை நினைத்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது. முதலில் உடைந்தது மதினிதான். "அடியாத்தா! நாங்கதானா அது? நாங்கதானாடி அந்தக் கல்லு மனசுக்காரிக?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தாள். வந்த வழியே திரும்பி நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

கடைசிக் காம்பரா வாசலில் அன்றைக்கு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. கேதம் எப்படி நடக்குமோ அப்படியே நடந்தது. அவளை நடுவில் வைத்து வளைந்து உட்கார்ந்து அழுதார்கள். நாலு வருஷம் பிந்திய அழுகையென்று யாரும் குறைத்து அழவில்லை. மதினி அழுததை அடுத்த லயத்தில் கேட்டு, என்னவோ ஏதோவென்று ஆண்கள் ஓடி வந்தார்கள். அவளுடைய அடுப்பை அன்று மூட்டவிடவில்லை. என் வீட்டு அடுப்பில்தான் சோறு பொங்கி எடுத்துப் போனோம். மிகுந்த அரிசியை அவளிடமே விட்டுவிட்டு வந்தோம்.

நான் எழுதியிருக்காவிட்டால் அந்த வாசலில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தற்பெருமை என்றால் தற்பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கொத்து அரிசிக்குப் பெறாத எழுத்து என்று யாராவது என் எழுத்தைச் சொன்னால் நான் சிரித்துவிட்டுப் போவேன்.

திங்கட்கிழமை மலை ஏறும்போது ஒருவரும் என்னோடு பேசவில்லை. கங்காணி நிரை பிரித்தார். எனக்கு மேல் நிரையில் மதினி, பக்கத்து நிரையில் அக்கா. கொழுந்து கிள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தொங்கல், அதாவது மலையின் ஒரு பகுதி, முடிந்தது, அடுத்ததிலும் பாதி வந்துவிட்டோம். சரி, வாக்குக் கொடுத்தபடி ஊமையாகவே எடுப்போம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

மேலே இருந்து மதினி கனைத்தாள். "ஏ கதக்காரி! எங்க மாமியா செத்தப்ப நடந்த கூத்து ஒண்ணு இருக்கு. கேக்குறியா, இல்ல இன்னைக்கும் ஒனக்கு ரோசமா?"

நிரை நிரையாகச் சிரிப்பு இறங்கி வந்தது. எனக்குக் கண் மறைத்தது. கை எந்தக் கொழுந்தைக் கிள்ளுகிறது என்றே தெரியவில்லை. "சொல்லுங்க மதினி" என்றேன்.

அந்தச் சிரிப்பின் நடுவே அக்கா தன் நிரையிலிருந்து என் பக்கம் சாய்ந்தாள். கை நிற்கவில்லை.

"தங்கச்சி, எல்லாஞ் சரியா எழுதிருக்க. ஒண்ணுதான் தப்பு."

"என்னாக்கா?"

"புள்ளைக்கு மூணு மாசம்னு போட்டிருக்க. நாலு மாசமும் பதினோரு நாளும்."